முதுகைக் காட்டும் கழுதை

பர்பாங்க், மார்ச் 3, 1952

நீண்ட ஆலோசனைக்குப் பின், பென்சில் சீவும் இயந்திரத்தை மேசையின் வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கத்துக்கு மாற்றினேன். கார்ட்டூன் உலகம் இனி பழையபடி இருக்காது.

மற்றபடி, தாய்க் கழுதையின் காட்சியை வரைந்து முடித்தேன். விற்றுவிட்ட குட்டியை வண்டி கொண்டுபோகிறது. அவள் நமக்கு முதுகைக் காட்டி நிற்கிறாள். ஒரு காது மட்டும் மெல்லச் சரிகிறது. இத்தனை வருடத்தில் நான் வரைந்த உருப்படியான காட்சி இதுதான்.

மார்ச் 5

பென்சில் படங்களை ஓட்டிப் பார்க்கும் சிற்றறைக்கு நாங்கள் வைத்த பெயர் வியர்வைப் பெட்டி. இன்று வியர்த்தது தயாரிப்பாளர் ப்ரூயிட்டுக்கு.

"கண்ணீர் எங்கய்யா?"

"முகமே தெரியலையே, சார்."

"அதான் கேக்கறேன்! திருப்பி நிறுத்து. கன்னத்துல ரெண்டு சொட்டு உருளணும். கழுதை முதுகைப் பாக்க எவன் டிக்கெட் வாங்குவான்?"

"திருப்ப மாட்டேன்."

சொன்னது நான்தான். கண் தெரிந்தால் கண்ணீரை ஒட்டுவார்கள் என்றுதானே முதுகைக் காட்டவே வைத்தேன்! என்ன செய்துவிடுவார்?

மார்ச் 6

செய்துவிட்டார். காட்சி இப்போது டேல் வாஸிடம். வாஸ் எங்கள் கண்ணீர் நிபுணன். அவன் கையில் அணில்கூடக் குடம் குடமாக அழும். என் தாள்களை விரலிடுக்கில் விசிறிப் பார்த்தான். மறுபடியும் பார்த்தான்.

"லென், உன்னை மாதிரி திமிர் பிடிச்சவன் இந்த ஊர்லயே இல்லடா."

"வரைஞ்சு தொலை."

மார்ச் 12

நாளை பொமோனா ஊர்த் தியேட்டரில், ரசிகர்கள் முன் படத்துக்கு வெள்ளோட்டம். வாஸ் ஒரு தாள்கூட வரையவில்லை. கழுத்துப் பிடிப்பாம். மதியம் பேஸ்பால் ஆடினான்.

மார்ச் 13

வேறு வழியில்லாமல் என் காட்சியையே, வெறும் பென்சில் கோடாக, வண்ணப் படத்தின் நடுவே ஒட்டி ஓட்டினார்கள். பாப்கார்ன் கொறிக்கும் சத்தம் நின்றது. முன்வரிசையில் ஒரு கனத்த மனிதர் மனைவியிடம், "அது ஏன் திரும்ப மாட்டேங்குது?" என்றார். அந்த அம்மாள் மூக்கைச் சிந்தினாள்.

வாசலில் ப்ரூயிட் எல்லோரிடமும்: "முதுகு என் யோசனை."

வைத்துக்கொள்ளட்டும். அவள் திரும்பவில்லை.

நவம்பர் 21

படம் வெளியாகிவிட்டது. பெயர் வரிசையில் நான் இல்லை. சோகக் காட்சிகளில் இனி எல்லா விலங்குகளும் முதுகைக் காட்டியே நிற்க வேண்டும் என்று சுற்றறிக்கை வந்திருக்கிறது. திங்கள் முதல் எனக்கு விளம்பரப் பிரிவில் வேலை. சலவைத்தூள்.