படிக்கட்டுக் கம்பிகள்

அன்பு மகளுக்கு,

நானும் அம்மாவும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசுதான் சரியில்லை. அம்மா முழங்காலுக்கு மருந்து தடவினேன் என்பாள், நம்பாதே. நீ தினமும் அவளோடு மட்டும் பேசிவிட்டு வைத்துவிடுகிறாய், அப்பா எங்கே என்று கேட்பதில்லை. கேட்காததில் தப்பில்லை.

பல் டாக்டர் வீட்டு வேலையில் அன்று நீ சொன்னதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். பக்கத்து மனையில் அஸ்திவாரத்துக்கு இயந்திரம் வைத்து பைல் தூண் அடிக்கிறார்கள் என்று நான் சொன்னதும், இன்னைக்குக் கான்கிரீட் போடாதீங்கப்பா, ஊத்தும்போது குலுக்கினா நல்லது, இறுக ஆரம்பிச்சப்புறம் அதிர்ந்தா கம்பியைப் பிடிக்காது என்றாய். என் கையெல்லாம் சிமெண்டு, போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தேன், ஆட்கள் அத்தனை பேரும் கேட்டார்கள். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. முப்பது வருஷமா காத்துலயா வீடு கட்டிக்கிட்டிருக்கேன், ஏசி ரூம்ல உக்காந்துக்கிட்டு எனக்குப் பாடம் எடுக்காதே என்று கத்திவிட்டு வைத்தேன், கான்கிரீட்டையும் அன்றே போட்டேன். மத்தியானம் முழுக்க அந்த இயந்திரம் இடிக்க இடிக்க, படிக்கட்டுக்காக நீட்டி விட்ட கம்பிகள் நடுங்கின. கம்பிக்குக் குளிர் ஜுரம் என்று நானே கிண்டல் செய்தேன், ஆட்களும் சிரித்தார்கள்.

போன திங்கட்கிழமை கம்பி கட்டுகிறவர் ஒன்றைப் பிடித்து வளைக்கப் போனார், அது கான்கிரீட்டுக்குள்ளேயே சுழன்றது. ஆறில் நான்கு அப்படி. சிமெண்டுப் பாலை ஊற்றி அடைத்தால் யாருக்கும் தெரியாது; அந்த நினைப்பும் வந்தது, உன்னிடம் எதற்கு மறைக்க. அந்தப் படியில் டாக்டரின் குழந்தைகள் ஏறி இறங்கும் என்றதும் கை வரவில்லை. டாக்டரிடம் போய்ச் சொன்னேன். திட்டுவார் என்று தலையைக் குனிந்து நின்றால், ஆடுற பல்லை அடைச்சுப் பிரயோஜனமில்ல மேஸ்திரி, எடுத்துட்டு வேற வைங்க என்றார். உடைத்தபோது பார்த்தேன், பிடித்த கம்பியில் சிமெண்டு ஒட்டிக்கொண்டு வந்தது, மற்றவை துடைத்து வைத்த மாதிரி இருந்தன. உன்னை இன்ஜினியருக்குப் படிக்க வைத்ததும் நான், படித்ததைச் சொன்னபோது வாயை அடைத்ததும் நான். தப்பு என்னுடையதுதானம்மா. போனில் சொல்ல நாக்கு எழவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

இந்தக் கடிதம் உன் கைக்கு வரட்டும் என்று கான்கிரீட்டை மறுபடி போடுவதை இருபதாம் தேதிக்குத் தள்ளி வைத்திருக்கிறேன். பக்கத்து மனைக்காரரைக் கெஞ்சி, அன்றும் அடுத்த இரண்டு நாளும் இயந்திரத்தை நிறுத்தச் சொல்லியாகிவிட்டது.

நீ நல்லா இருக்கணும், நேரத்துக்குச் சாப்பிடு. இருபதாம் தேதி காலையில் மறக்காமல் கூப்பிட்டு, எப்படிப் போட வேண்டும் என்று சொல். போனை ஸ்பீக்கரில்தான் போடுவேன், ஆட்கள் எல்லோரும் கேட்கட்டும்.

இப்படிக்கு,
உன் ரோஷக்கார அப்பா