இன்னாசியம்மாளோடு என்னையும் அனுப்புங்கள்

அனுப்புநர்:
அருட்சகோதரி மிக்கேலம்மாள் (வயது 68),
சபை இல்லமும் மருந்தகமும்,
தாராவி, மும்பை.

பெறுநர்:
மாநிலத் தலைவி அவர்கள்,
சபைத் தலைமை இல்லம்,
செம்பூர், மும்பை.

பொருள்: அருட்சகோதரி இன்னாசியம்மாளைத் திண்டுக்கல் முதியோர் இல்லத்துக்கு மாற்றும் உத்தரவு – உடன் செல்ல எனக்கு அனுமதி வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய மதர் அவர்களுக்கு,

1. உத்தரவை எதிர்த்து இதை எழுதவில்லை. பக்கவாதம் வந்தவரை எங்கள் ஏணிப்படியில் ஏற்றி இறக்குவது என்ன பாடு என்று என் இடுப்புக்குத் தெரியும். அவர் போகட்டும். நானும் கூடப் போகிறேன் என்றுதான் கேட்கிறேன்.

2. இக்கோரிக்கை சென்ற வாரம் மறுக்கப்பட்டது. எங்களிடையே ‘தனி நட்பு’ இருப்பதாக 1981-ஆம் ஆண்டுக் கடிதம் ஒன்று கோப்பில் உள்ளதாம். ஆகவே இருவரும் ஒரே இல்லத்தில் தொடர்வது முறையல்ல என்று தங்கள் செயலர் தெரிவித்தார். அக்கடிதத்தை எழுதியவள் நான்தான்.

3. அப்போது எனக்கு இருபத்தைந்து வயது. ஒருத்தியை மற்றவர்களைவிடக் கூடுதலாக நேசிப்பது கடவுளிடம் திருடுவதற்குச் சமம் என்று நவதுறவகத்தில் கற்பித்தார்கள். நானோ, பெரியவர்கள் சொல்வதை அப்படியே விழுங்குகிற ரகம். இன்னாசியம்மாள் எனக்குப் பக்கத்தில் இடம் பிடித்து வைப்பார். அவர் இருமினால் எனக்குச் செபத்தில் மனம் நிற்காது. இது பாவம் என்று நம்பி, அவரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், எங்களைப் பிரிக்கும்படி எழுதிக் கொடுத்தேன். பிரித்தார்கள். இருபத்திரண்டு ஆண்டுகள். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். மனுவில் இப்படி எழுதுவது தகாது; பொறுத்தருளவும்.

4. 2003-இல் தாராவியில் மீண்டும் சேர்ந்தோம். முதல் நாளே உண்மையைச் சொல்லி அழுதேன். அவருக்கு முன்பே தெரியுமாம். “ஏட்டி கிறுக்கி, சாப்பிட்டியா?” என்று மட்டும் கேட்டார்.

5. இப்போது இல்லத்தில் நாங்கள் இருவர்தான். அன்றாடக் கட்டளைச் செபத்தில் சங்கீதங்களை இரு பக்கமாகப் பிரிந்து மாறி மாறிச் சொல்வது நம் வழக்கம். அவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். நோய்க்குப் பின் என் பெயர் அவருக்கு நினைவில்லை. தண்ணீர் கேட்கவும் சொல் வராது. ஆனால் நான் ஒரு வசனம் சொல்லி நிறுத்தினால் அடுத்ததைப் பிசகாமல் சொல்கிறார். அப்படி வாய் திறந்த பிறகுதான் கஞ்சியும் இறங்குகிறது. தாங்கள் சில நாள் உதவிக்கு அனுப்பிய இளம் சகோதரியும் சொல்லிப் பார்த்தார்; இன்னாசியம்மாள் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டர் ஷ்யாமளாவின் சான்று இணைக்கப்பட்டுள்ளது. எதிர்த்த தையற்கடை பீவியோ, “பெரிய சிஸ்டர ஒத்தையில அனுப்புனா ஒரு மாசம் தாங்க மாட்டாவ” என்கிறார்.

6. பல நூறு ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த மடத்துக் கன்னியர், வேறு மடத்துக்குப் போன தோழியை நினைத்து அழுது எழுதிய கடிதங்களை நம் உணவறையில் வாசிக்கக் கேட்டிருக்கிறோம். பக்தியோடுதான் கேட்டோம். யாரும் அவர்களைக் குற்றம் சொல்லவில்லை.

7. ஆகவே 1981 கடிதத்தை இதன்மூலம் திரும்பப் பெறுகிறேன். வியாழக்கிழமை ரயிலுக்கு என் பெட்டியையும் கட்டிவிட்டேன். அவிழ்க்கச் சொன்னால் அவிழ்ப்பேன்; கீழ்ப்படிவேன் என்று வார்த்தைப்பாடு கொடுத்தவள். ஆனால் எங்களைப் பிரிக்கக் கேட்டபோது சபை பத்தே நாளில் இரங்கியது, மதர். சேர்த்து வைக்கக் கேட்கும்போதும் அதே வேகத்தில் இரங்குமாறு வேண்டுகிறேன்.

இடம்: தாராவி
நாள்: 11.11.2024

தங்கள் சொல்லுக்குக் காத்திருக்கும்,
அருட்சகோதரி மிக்கேலம்மாள்