கிழித்து வைத்த ஏகாதசி

மேடம்,

இன்று காலை பழைய கோப்பு ஒன்றைத் தேடி பீரோவைக் குடைந்தபோது அந்தத் தாள் கையில் வந்தது. தினசரி காலண்டரில் கிழித்த தாள். ஓரத்தில் நல்லெண்ணெய்க் கறை. மூக்கருகே கொண்டுபோனால் இன்னும் லேசாகப் புளிக்காய்ச்சல் வாசனை. முன்பக்கம் சிவப்பில் 'வைகுண்ட ஏகாதசி' என்று அச்சாகியிருக்கிறது. பின்பக்கம் உங்கள் பென்சில் எழுத்தில் பன்னிரண்டு பெண்களின் பெயர்கள். நீங்கள் எங்களையெல்லாம் விட்டுக் கண்மூடி எட்டு மாதமாகிறது. எழுத்து கொஞ்சமும் மங்கவில்லை.

அரியமங்கலத்தில் வெறும் மசாலாப் பொடி அரைத்துக்கொண்டிருந்த நம் கம்பெனி, முதன்முறையாகப் புளியோதரை மிக்ஸ் போட்ட வருடம் அது. ஜனங்களிடம் அதைக் கொண்டுபோகும் திட்டம் என் பொறுப்பு. ஆள் எடுத்து, யார் எங்கே நிற்பது என்று பிரித்துக் கொடுப்பது உங்கள் பொறுப்பு. முதலாளி என்னிடம் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்: "இது ஓடலைன்னா விளம்பர வேலைய சென்னை ஏஜென்சிகிட்ட குடுத்துடுவேன். அப்புறம் உங்களுக்கு இங்க வேலை இருக்காது, பாத்துக்குங்க."

பயத்தில் நான் கூட்டத்தைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை. ஸ்ரீரங்கத்தில் வருடத்திலேயே பெரிய கூட்டம் எப்போது? சொர்க்கவாசல் திறக்கும் அன்று. கோயிலைச் சுற்றி நாலு இடத்தில் மேசை போட்டு, தொன்னையில் சுடச்சுடப் புளியோதரை, கையில் ஒரு சின்ன பாக்கெட். முதலாளியும் செலவுக் கணக்கை மட்டும் பார்த்துவிட்டு 'சரி' என்று கையெழுத்துப் போட்டார். நான் ஏதோ கோட்டையைப் பிடித்தவன் மாதிரி திட்டத்தை உங்கள் மேசையில் வைத்தேன்.

நீங்கள் படித்தீர்கள். எழுந்துபோய் சுவர்க் காலண்டரைப் புரட்டி, இன்னும் வராத அந்த நாளைக் கிழித்து, என் திட்டத்தின்மேல் வைத்தீர்கள்.

"சார், உங்க வீடு எங்க?"

"ஸ்ரீரங்கம்தான். ஏன் மேடம்?"

"ஏகாதசி அன்னிக்கு உங்க அம்மா சோறு சாப்பிடுவாங்களா?"

அம்மா அன்று பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படவிட மாட்டாள். நானோ விரதமிருக்கும் ஊர் முழுவதற்கும் புளியோதரை நீட்டத் திட்டம் போட்டிருந்தேன்! உங்களுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "எங்க அத்தா கோயிலாண்ட வளையல் கடை வச்சிருந்தாங்க சார். பக்கத்து ஓட்டல்ல அன்னிக்குக் கோதுமை உப்புமாதான் ஓடும், சாதமே வைக்க மாட்டாங்க. எனக்குத் தெரியுது, உங்களுக்குத் தெரியலையே" என்றீர்கள்.

அதோடு விட்டிருந்தால் வெறும் கேலியாகப் போயிருக்கும். நீங்கள் அந்தத் தாளைத் திருப்பிப் போட்டு எழுத ஆரம்பித்தீர்கள். மறுநாள் துவாதசி. ஒரு நாள் பட்டினி கிடந்த வெளியூர்க்காரர்கள் பொழுது விடிந்ததும் சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குத்தான் வந்தாக வேண்டும். ஆனால் நம்மிடம் இருந்ததோ பேக்கிங் பிரிவிலிருந்து எடுத்த பன்னிரண்டு பெண்கள். பாதிப் பேர் முசிறி, துறையூர். அவ்வளவு காலையில் எப்படி வந்து சேர்வார்கள் என்று கேட்டேன்.

"அவங்களை எதுக்கு சார் இங்க வரவைக்கணும்? கூட்டமே அங்கதான போய் இறங்கப் போகுது. அவங்கவங்க ஊர் பஸ் ஸ்டாண்டுலயே நிக்கட்டும்."

சத்திரம், முசிறி, துறையூர். மூன்று ஊர், அதே பன்னிரண்டு பேர். எத்தனையோ பேர் திட்டம் போட்டு இதுவரை பார்த்துவிட்டேன் மேடம்; அந்தப் பத்து நிமிடத்துக்கு ஈடாக ஒன்றையும் பார்க்கவில்லை.

ஆனால் முதலாளி அறைக்குள் போனதும் நீங்கள் சொன்னது: "சார் ஒரு நல்ல யோசனை வச்சிருக்கார்." நான் வாய் திறப்பதற்குள் அது என் யோசனையாகிவிட்டது. வெளியே வந்து ஏன் இப்படி என்று கேட்டேன். "ஸ்ரீரங்கத்துக்காரர் ஏகாதசிய மறந்துட்டார்னு வெளில தெரிஞ்சா நல்லாவா இருக்கும்? ஊருக்குள்ள போக முடியுமா உங்களால?" என்று சிரித்துக்கொண்டே போய்விட்டீர்கள்.

ஏகாதசி அன்று முதலாளி காலண்டரைப் பார்த்து, "என்ன, தசமிக்கு அப்புறம் துவாதசி இருக்கு? நடுவுல ஒரு நாளக் காணோம்?" என்றார். "ரெண்டு தாளா ஒட்டிக்கிட்டு வந்துடுச்சு சார்" என்றீர்கள், கண்கூட இமைக்காமல்.

துவாதசி காலைப் பனியில், ஸ்வெட்டரும் முக்காடுமாக, சத்திரம் பஸ் ஸ்டாண்டில் நீங்கள் நின்றது இப்போதும் கண்ணிலேயே நிற்கிறது. விடிந்து ஒரு மணி நேரத்துக்குள் தொன்னைகள் காலி. பன்னிரண்டு பேரில் ஒருத்தியான செல்வி முசிறியிலிருந்து போனில் கத்தினாள்: "மேடம், பாக்கெட் தீந்துடுச்சு! இன்னும் ரெண்டு பஸ் வருது, என்ன பண்ண?" "கடை பேரையாவது சொல்லி அனுப்பு, எங்க கிடைக்கும்னு தெரியட்டும்" என்றீர்கள். அந்த வாரமே மூன்று ஊர்க் கடைக்காரர்களும் இன்னும் சரக்குக் கேட்டு வந்தார்கள்.

எனக்கு மேலாளர் பதவி கிடைத்தது. உங்களுக்கு அதே நாற்காலி. அதன்பிறகு ஏழு வருடம் எல்லோரும் 'சாரோட துவாதசி திட்டம்' என்று சொன்னார்கள். நான் தலையாட்டிக்கொண்டே இருந்தேன். இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

இன்று அடை மிக்ஸுக்கான கூட்டம். புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி, "சாரோட துவாதசி பிளான் மாதிரியே இதையும் செய்யலாம்" என்று ஆரம்பித்தாள். நான் தாளை மேசைமேல் வைத்தேன். ஏகாதசி அன்று புளியோதரை கொடுக்கத் திட்டம் போட்ட ஸ்ரீரங்கத்துக்காரன் நான்தான் என்றும், பெயரில் மட்டும்தான் அது என் திட்டம், மூளை முழுக்க உங்களுடையது என்றும் ஒன்று விடாமல் சொன்னேன். உங்கள் பெயரைச் சொன்னபோது எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது மேடம்.

கூட்டத்தில் செல்வியும் இருந்தாள். செல்வி இப்போது பேக்கிங் பிரிவின் சூப்பர்வைசர். அவள்தான் மெதுவாகச் சொன்னாள்: "எங்களுக்கு அப்பவே தெரியும் சார். இந்தத் தாளப் பாத்துதான மேடம் எங்களுக்கு வேலை பிரிச்சாங்க. 'சார் ஒருநாள் அவராவே சொல்லுவார், அதுவரைக்கும் யாரும் வாயத் திறக்கக் கூடாது'ன்னு சொல்லியிருந்தாங்க."

பன்னிரண்டு பேர், ஏழு வருடம். ஒருத்திகூடச் சொல்லவில்லை.

தாளை மறுபடி பீரோவில் வைக்கவில்லை. என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருக்கிறது, உங்கள் எழுத்து மேலே தெரியும்படி. நான் சொல்லுவேன் என்று நீங்கள் நம்பினீர்கள். சொல்லிவிட்டேன் மேடம்.