எழவு வீட்டு டிஸ்க்கில் பலூன்

லாகோஸ்

அன்பான அம்மாவுக்கு, செலோர்ம் வணங்கி எழுதுவது. முழங்கால் வலி குறைந்ததா? நான் சுகமாகவே இருக்கிறேன்.

டிஸ்க்கைப் போட்டதும் எந்தக் காட்சி வேண்டும் என்று கேட்டுப் படங்களோடு மெனு வரவைக்கும் மென்பொருள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்படி எங்கள் வீடியோ கடை முதலாளியம்மா மொரெனிகே சொன்னார். சோதித்த மூன்றுமே குப்பை. ஒன்று மணப்பெண்ணின் நெற்றியில் தன் பெயரை முத்திரை குத்துகிறது. இன்னொன்று பாதி வேலையில் மூச்சை விட்டுவிடுகிறது. மிச்சமிருந்தது எந்த வீடியோவைக் கொடுத்தாலும் மெனுவில் பலூன் பறக்கவிடும் கழுதை.

அந்தக் கழுதையில் ஒரு பெரியவரின் சவ ஊர்வல வீடியோவை ஏற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் மனைவியே கடைக்குள் வந்து நின்றுவிட்டார்.

"எழவு வீட்டுக்குப் பலூனாடா, மடையா?" என்று முதலாளியம்மா கத்தினார்.

அந்த அம்மாளோ கண்ணில் நீர் வரச் சிரித்தார். "அந்த மனுஷன் இருந்திருந்தா இதத்தான் கேட்டிருப்பாரு. அப்படியே குடுப்பா."

அதைக் கேட்டு முதலாளியம்மா அந்தக் கழுதை மென்பொருளையே வாங்கிவிட்டார். இனி தினமும் அதோடுதான் என் பாடு.

கானாவிலிருந்து யாராவது வந்தால் உங்கள் கையால் அரைத்த ஷிட்டோ மிளகாய் விழுது ஒரு புட்டி கொடுத்தனுப்புங்கள். தங்கை ஜிஃபாவின் கல்யாணத்துக்கு நான் வர முடியாமல் போயிற்றே, அந்தக் கேசட்டையும் அனுப்புங்கள். நானே டிஸ்க்கில் ஏற்றிக்கொள்வேன். மெனு கினு எதுவும் வைக்க மாட்டேன். போட்ட உடனே உங்கள் முகம் தெரிய வேண்டும்.

ஜெனரேட்டர் இருமுகிறது, விளக்கு போகுமுன் கடிதத்தை நிறுத்துகிறேன்.

செலோர்ம்