ரேடியோவில் உங்கள் குரல்

ஆவடி
8-2-1988

என் அன்புக்கு உரியவருக்கு,

கஸ்தூரி வணக்கத்தோடு எழுதுகிறேன். அத்தைக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. மாமா ஞாயிற்றுக்கிழமையும் தொழிற்சாலைக்கு ஓவர்டைம் போகிறார். குழாயில் தண்ணீர் ஒழுங்காக வருகிறது. யாழ்ப்பாணத்திலிருந்து நீங்கள் எழுதிய கடைசிக் கடிதம் பொங்கலுக்கு முன்னால் வந்தது. அதன் பிறகு ஒன்றும் இல்லை. தபால்காரர் இப்போதெல்லாம் சைக்கிளை விட்டு இறங்காமலே என்னைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டுப் போகிறார். நானும் கேட்பதில்லை.

நீங்கள் படையோடு போன பிறகு குவார்ட்டர்ஸில் ஒரு வழக்கம் வந்திருக்கிறது. செய்தி நேரத்தில் நம் வரிசையில் எல்லா ரேடியோவையும் அணைத்துவிடுகிறார்கள். கஜபதி அண்ணன் வீட்டு ரேடியோ மட்டும் பேசும். எல்லோரும் அவர் ஜன்னலடியில் நின்று கேட்போம். எதிர்வீட்டுப் பொன்னியம்மா அக்கா போட்ட சட்டம் அது. “கெட்ட சேதிய ஒண்டியா கேக்கக் கூடாதும்மே. நாலு பேரு நிக்கசொல்லோ கேட்டுக்கணும்” என்றார். செய்திக்குத்தான் அந்தச் சட்டம். பாட்டுக்கும் நாடகத்துக்கும் எல்லா வீட்டிலும் ரேடியோ அலறும்.

நேற்று வானொலியில் நாள் முழுவதும் படைவீரர்களுக்கான நிகழ்ச்சி. காலையில் நாகஸ்வரம். பிறகு வீட்டார் எழுதிக் கேட்ட பாட்டுகள். ஊர் ஊராகப் பெயர்களை வாசித்தார்கள். ஆவடி என்று வந்தபோதெல்லாம் அத்தை என் கையைப் பிடித்தார். எல்லாமே சந்தோஷமான பாட்டுகள். பயத்தில் இருக்கிறவளுக்கு அவை காய்ச்சல்காரி முன்னால் போட்ட விருந்து இலை மாதிரி இருந்தன.

மத்தியானம், அடுத்து ஆவடி தொழிற்சாலை நாடகக் குழுவினரின் நாடகம் என்று அறிவித்தார்கள். ஆகஸ்டில் நீங்கள் லீவில் வந்திருந்தபோது, ஆள் குறைகிறதென்று கஜபதி அண்ணன் கெஞ்சியதால் வானொலி நிலையத்துக்குப் போய்ப் பேசிப் பதிவு செய்துவிட்டு வந்தீர்களே, அதே நாடகம். இத்தனை மாதம் கிடப்பில் வைத்திருந்து நேற்று எடுத்திருக்கிறார்கள்.

பெற்ற பிள்ளை சாகிற வேஷம் கட்ட அத்தை சம்மதிக்க மாட்டார் என்று நாம் அவரிடம் கதையை மாற்றிச் சொன்னது நினைவிருக்கிறதா? லாரி டிரைவர் புயலில் மாட்டிக்கொள்கிறான், கடைசியில் பத்திரமாக வீடு வந்து சேர்கிறான் என்று சொல்லிவைத்தோம். அன்றைக்கு அது நமக்கு விளையாட்டு.

“பாடி ஸ்டாப்ப தாண்டிட்டேன் நைனா, சூடா ஒரு டீ போடு” என்று உங்கள் குரல் வந்ததும் அத்தை எழுந்தே நின்றுவிட்டார். “ஏட்டி கஸ்தூரி, எம் மவன் பேசுதாம்டி!” என்று முந்தானையால் ரேடியோவின் முகத்தைத் துடைத்தார். இத்தனை வாரத்தில் அவர் சிரித்து நான் பார்த்தது நேற்றுதான். நீங்கள் கிளீனரைத் திட்டுகிற இடத்தில், “மாமனார் வீட்டு அதிகாரம்” என்று என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்.

மழைக் காட்சி நெருங்குவது எனக்குத் தெரிந்தது. பேட்டரி போய்விடும் என்று சொல்லி அணைத்தேன். பயனில்லை. வரிசை முழுவதும் நீங்கள்தான் பேசிக்கொண்டிருந்தீர்கள். தெருவில் ஓடினேன். பொன்னியம்மா அக்காவிடம் அணைக்கச் சொன்னால் அவர் கைகொட்டிச் சிரித்தார். “இன்னாம்மே, உன் ஊட்டுக்காரு பேசிகினு கீறாரு, ஆஃப் பண்ணுன்றியே! நாங்க கேட்டா கொறைஞ்சா பூடுவாரு?” காரணத்தை எப்படிச் சொல்வேன்? சாகிற இடம் என்று வாயால் சொல்ல எனக்கு வரவில்லை. கஜபதி அண்ணன் என் முகத்தைப் பார்த்ததுமே புரிந்துகொண்டு உள்ளே ஓடினார். அவர் மனைவி வழிமறித்து, “நீ எழுதுன நாடகம்தானே, அதுக்கு இன்னாத்துக்கு இப்டி துடிக்கிறே?” என்று கேட்பது கேட்டது.

அதற்குள் மழை வந்துவிட்டது. தட்டில் கடுகைக் கொட்டி உருட்டிய சத்தம் அது என்று நீங்களே எனக்குச் சொல்லியிருக்கிறீர்கள். லாரி மோதுகிற சத்தம் தகரத்தைத் தட்டியது. எல்லாம் எனக்குத் தெரியும். ஆனாலும் நடுத்தெருவில் நின்றுகொண்டு, இரண்டு பக்கத்து ஜன்னல்களிலிருந்தும் ஒரே நேரத்தில் அதைக் கேட்டேன். “அம்மா, வாசல் லைட்ட அணைச்சுடாத. நான் வந்துகினே கீறேன்.” பிறகு அந்த மூச்சு. அக்கம்பக்கம் ஓடிவரக் கூடாதென்று தலையணையில் வாயை வைத்துப் பழகினீர்களே, அதே மூச்சு. அது நின்றபோது தெருவில் யாரும் சிரிக்கவில்லை. பொன்னியம்மா அக்கா ரேடியோவை அணைத்துவிட்டு, தலையில் கை வைத்து வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

நான் வீட்டுக்குள் போனபோது அத்தை, பேசாத ரேடியோவின் மேல் கையை வைத்தபடி நின்றார். “பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போடணும்னா இப்படித்தான் மொனங்குவான், கள்ளப்பய” என்றார். சிரிக்கவும் சிரித்தார். பிறகு வெயில் கொளுத்துகிற மத்தியானத்தில் வாசல் விளக்கைப் போட்டார்.

சாயங்காலச் செய்தியில் அங்கே சண்டை நடந்ததாகச் சொன்னார்கள். பெயர் எதுவும் சொல்லவில்லை. ஜன்னலடியில் ஒருவரும் என் பக்கம் திரும்பவில்லை. செய்தி முடிந்ததும் மறுபடி பாட்டு.

நேற்றிலிருந்து இன்னொன்றும் மனதை அரிக்கிறது. இந்த வானொலி கடல் தாண்டியும் கேட்கும் என்கிறார்கள். அங்கே கதவைச் சாத்திக்கொண்டு ஒரு தாய் நீங்கள் ‘அம்மா’ என்றதைக் கேட்டிருப்பாள். தன் தெருவில் துப்பாக்கியோடு நிற்கிறவரின் குரல் என்று அவளுக்குத் தெரிந்திருக்காது. அவளுக்கும் வெளியே போன பிள்ளை ஒருவன் இருக்கக்கூடும். அவளுக்காகவும் சேர்த்துப் பயப்பட வேண்டியிருக்கிறது.

இன்று காலை மாமா விளக்கை அணைக்கப் போனார். அத்தை குறுக்கே வந்தார். சுவிட்சை மறைத்துக்கொண்டு நின்றார். மாமா அப்படியே செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். நான் இதை எழுதும்போதும் அது வெயிலில் எரிந்துகொண்டிருக்கிறது.

உங்களுக்கு ஓய்வு இருக்காது. நீளமாக எதுவும் வேண்டாம். செத்தது லாரி டிரைவர்தான் என்று ஒரே ஒரு வரி, உங்கள் கையெழுத்தில், அத்தை பெயருக்கு எழுதுங்கள். அவருக்குப் படித்துக் காட்டிவிட்டு விளக்கை நானே அணைக்கிறேன்.

அதுவரை எரியட்டும்.

உங்கள்
கஸ்தூரி