மாரெக்கின் காலித் தட்டு

2006 நவம்பர் 6

மாரெக் இன்றும் வரவில்லை. ஐந்து நாளாகிறது.

போலந்திலிருந்து பனியன் தரம் பார்க்க வந்த மனிதர். இரண்டு மாதமாக மதியச் சாப்பாடு எங்கள் கடையில்தான். அவர் சொல்லித்தான் மற்ற வெள்ளைக்காரர்களும் வந்தார்கள். அவர் வருவது நின்றதும் அவர்களும் குறைந்துவிட்டார்கள். அப்படி என்ன செய்துவிட்டேன் நான்?

சமையல் எல்லாம் மாடியில் குடியிருந்த ஹலினாவிடம் கற்றது. அவளுக்கு அம்மா போலந்து, அப்பா இத்தாலி. மாவுக்குள் உருளைக்கிழங்கு வைத்து மடித்து வேகவைக்கும் பியெரோகியும் தக்காளி பாஸ்தாவும் அவள் கைப்பக்குவம்தான். அதில் ஒரு குறையும் இல்லையே!

நவம்பர் 7

ஊத்துக்குளி வெண்ணெய் வாசம் பிடிக்கவில்லையோ? பாக்கெட் வெண்ணெயில் செய்து பார்த்தேன். எனக்கே சகிக்கவில்லை.

நவம்பர் 9

மாமா அளவு நாடாவோடு வந்து சுவரை அளந்தார். கட்டடம் அவருடையது. "தை பொறந்தா நிட்டிங் மிசின் போடறவனுக்கு வாடகைக்கு உட்டரலாம்னு இருக்கறேன் அம்மணி. இந்தக் கொழுக்கட்டைய எவன் திம்பான்?"

கொழுக்கட்டையாம்! சமையலறைக்குப் போய் அழுதேன். என் வீட்டுக்காரர் கம்பெனி வேலையை விட்டுவிட்டு என்னை நம்பி இதில் இறங்கியவர். இவர் முகத்தில் எப்படி முழிப்பேன்?

நவம்பர் 10

யோசித்து யோசித்து மண்டை காய்கிறது. மாரெக் ஒருநாளும் மிச்சம் வைத்ததில்லை. தட்டு காலியாகும், நான் ஓடிப்போய் வைப்பேன். அதையும் சாப்பிடுவார். மறுபடி வைப்பேன். கடைசி நாள் நான்கு தடவை. முகமெல்லாம் வேர்வை, அப்போதும் சிரித்தார். பிடிக்காதவரா இத்தனை சாப்பிடுவார்? ஒண்ணும் புரியல சாமி.

நவம்பர் 13

பெருமாநல்லூரில் ஒரு கம்பெனியில் இவர் மாரெக்கைப் பார்த்திருக்கிறார். மூலையில் உட்கார்ந்து பன்னும் வாழைப்பழமும் தின்றுகொண்டிருந்தாராம். இவர் வெட்கத்தை விட்டுக் கேட்டாராம்.

மாரெக் வீட்டில், தட்டில் மிச்சம் வைத்தால் சமைத்தவளை அவமதித்த மாதிரியாம். அதனால் நான் வைத்ததையெல்லாம் தின்று தீர்த்திருக்கிறார். "உங்கள் மனைவி நிறுத்தவே மாட்டேன் என்கிறார். எனக்குப் பயமாக இருக்கிறது" என்றாராம்.

அடக் கடவுளே! தட்டு காலியானால் இன்னும் பசி என்றுதானே அர்த்தம்? அதைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்பதா? எங்கம்மா பார்த்தால் விளக்குமாறு எடுப்பாள். இவரோ விழுந்து விழுந்து சிரிக்கிறார்.

நவம்பர் 14

இவரிடம் சொல்லி அனுப்பினேன் — ஒரு தட்டுதான், சத்தியமாக ஒரே தட்டு.

நவம்பர் 16

வந்தார்! ஒரு தட்டு சாப்பிட்டார். காலி. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு தள்ளியே நின்றேன். அவர் வயிற்றைத் தடவிக்கொண்டு சந்தோஷமாகத்தான் எழுந்தார். எனக்குத்தான் யாரையோ பட்டினி போட்ட மாதிரி இருக்கிறது.

டிசம்பர் 21

மதியம் எல்லா மேசையும் நிறைந்துவிட்டது. மிசின்காரனுக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று மாமா வந்தார். இடமில்லாமல் மாரெக்குக்கு எதிரில் நாற்காலி போட்டு, அவருக்கும் பியெரோகி வைத்தேன்.

இரண்டு தட்டும் ஒன்றாகக் காலியாயின. யாருக்கு வைப்பது, யாருக்கு வைக்கக் கூடாது? குழம்பிப்போய் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

மாமா தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஏனம்மணி, எந்நேரம் காலித் தட்ட வெச்சுட்டு உக்காந்திருக்கறது? மிசின்காரன் கெடக்கறான், இன்னும் ரெண்டு கொழுக்கட்டை போடு."

கரண்டியோடு ஓடினேன். மாரெக் தன் தட்டை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார்.