எதிரே நிற்பவரின் முகம்

அன்புள்ள நாத்தனாருக்கு,

அண்ணி எழுதுகிறேன். இங்கே நான் நலம். முழங்கால் மட்டும் தனிக்குடித்தனம் போன மாதிரி என் பேச்சைக் கேட்பதில்லை. மற்றபடி குறையில்லை.

உன் கடிதம் நேற்று வந்தது. நீ வேலை பார்த்த துணிக்கடையை மூடிவிட்டார்கள் என்று படித்ததும் மனசு கனத்துப்போனது. மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் உன்னைத் திங்கட்கிழமை வந்து பார்க்கச் சொல்லியும் போகப்போவதில்லை என்று எழுதியிருக்கிறாயே, அதுதான் அதைவிட உறுத்துகிறது. "இத்தனை வருஷமா துணி கிழிச்சவளுக்கு வேற என்ன தெரியும் அண்ணி?" என்று கேட்டிருக்கிறாய். பள்ளிக்கூடத்தில் காலம் கழித்தவளிடம் கேள்வி கேட்டால் பதில் நீளமாகத்தான் வரும். பொறுத்துக்கொள்.

ஓய்வு பெற்றபின் நான் இந்தக் கண் மருத்துவமனையில் சேர்ந்த கதையின் பாதி உனக்குத் தெரியும். அறுவை முடிந்து வீட்டுக்குப் போகிறவர்களை உட்காரவைத்து, எந்த மருந்தை எப்போது போட வேண்டும் என்று விளக்க வேண்டும். இதெல்லாம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு என்ற நினைப்பில்தான் போனேன். முதல் வாரமே லாரிக்கு டயர் மாற்றுகிற ஒருவர், நான் சொன்ன எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். "எங்கே, சொன்னதைத் திரும்பச் சொல்லுங்க பார்ப்போம்" என்றேன். மனுஷர் விருட்டென்று எழுந்துவிட்டார். "படிக்கிற வயசுலயே டீச்சருக்குப் பதில் சொன்னதில்ல. இப்ப வந்து பரீட்சை வைக்கிறீங்களா?" என்று சொல்லிவிட்டுப் போயே போய்விட்டார். தலைமை நர்ஸ் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "டீச்சர், இது கிளாஸ் இல்ல" என்றார்.

அன்றைக்குத்தான் உனக்குப் போன் செய்து, எனக்கு இந்த வேலை வராது, நின்றுவிடுகிறேன் என்று அழுதேன். ஆறுதல் சொல்வாய் என்று பார்த்தால், நீ பிடிபிடி என்று பிடித்துக்கொண்டாய். "அண்ணி, உங்களைவிட நல்லா விளக்கம் சொல்ற டீச்சருங்க ஊர்ல எத்தனையோ பேரு. உங்ககிட்ட இருக்கிறது வேற. தப்பா பதில் சொல்ற பிள்ளையைப் பார்த்து உங்க மூஞ்சி சுருங்கவே சுருங்காது. அதனாலதான் பசங்க உங்ககிட்ட வாயைத் திறந்தாங்க. அதை வீட்டுல வச்சுட்டு, குரலை மட்டும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனா எப்படி?" என்றாய். என்னைப்பற்றி இத்தனை வயதுவரை எனக்கே தெரியாத சங்கதி அது.

மறுநாள் ஒரு பஸ் கண்டக்டர் மனைவியோடு வந்தார். நான் ஒன்றையும் விளக்கவில்லை. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, வீட்டுக்குப் போனதும் என்ன செய்வதாக இருக்கிறார் என்று கதை கேட்பதுபோல் கேட்டேன். "அறுவைக்கு முன்னாடி குடுத்த பாட்டில்ல பாதி மிச்சம் இருக்கும்மா. வீணாக்கலாமா? அதை முடிச்சுட்டுத்தான் புதுசைத் திறப்பேன்" என்றார். எனக்குத் திக்கென்றது. முகத்தில் காட்டவில்லை. நானாக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன் என்று சொல்லி, அது வேறு மருந்து, இது வேறு மருந்து என்று இரண்டு பாட்டிலையும் அவர் கையிலேயே கொடுத்துப் பார்க்கச் சொன்னேன். "நல்லவேளை, இங்கயாவது வாயைத் திறந்தாரு. வீட்டுல விசில் ஊதுறதோட சரி" என்றார் அவர் மனைவி. இப்போது தலையாட்டுகிறவர்களை எல்லாம் தலைமை நர்ஸ் என்னிடம்தான் அனுப்புகிறார். போன மாதம் வேலையையும் நிரந்தரமாக்கிவிட்டார்கள். எல்லாம் உன்னால். நேரில் சொன்னால் நீ கேலி செய்வாய் என்றுதான் எழுதுகிறேன்.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். உன் கடையில் ஒருநாள் மதியம் உனக்காகக் காத்திருந்தேன், நினைவிருக்கிறதா? ஒரு தாயும் மகளும் வந்தார்கள். எந்தத் துணியைக் காட்டினாலும் மகள் வேண்டாம் என்றாள். "எதை எடுத்தாலும் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிறா" என்று தாய் சலித்துக்கொண்டாள். நானும் அந்தப் பெண்ணுக்குப் பிடிவாதம் என்றுதான் நினைத்தேன். நீ மட்டும் அவள் முழங்கையைத் துப்பட்டாவால் மூடிமூடிப் பிடிப்பதைப் பார்த்தாய். அங்கே ஒரு தீக்காயத் தழும்பு. நீ அதைப்பற்றி மூச்சுவிடவில்லை. "இந்தத் துணிக்கு முழுக்கைதான் எடுப்பா இருக்கும். கொஞ்சம் கூடவே வெட்டுறேன்" என்று கத்தரியை எடுத்தாய். அந்தப் பெண் அப்போதுதான் முதல் தடவையாகத் துணியைத் தொட்டுப் பார்த்தாள்.

இதற்குப் பெயர் துணி கிழிப்பதா?

கண்ணாடி போட்டால் வயசாகிவிட்டது என்பார்களோ, பள்ளிக்கூடத்தில் கேலி செய்வார்களோ என்று வாய்விட்டுச் சொல்லத் தெரியாமல்தான் பாதிப்பேர் அந்தக் கடைப் படி ஏறுவார்கள். தினமும் இங்கே பார்க்கிறேன். பவர், லென்ஸ் எல்லாவற்றையும் கடைக்காரர் சொல்லிக் கொடுத்துவிடுவார். எதிரே நிற்பவர் சொல்லாமல் விட்டதைப் பார்க்க அவரால் சொல்லிக் கொடுக்க முடியாது. அதை நீ கையோடு கொண்டுபோகிறாய்.

ஆகவே திங்கட்கிழமை போய்விட்டு வா. எனக்காகவாவது போ. உன் அண்ணன் போனபிறகு, என்னை உரிமையோடு திட்ட இந்த உலகத்தில் நீ ஒருத்திதான் மிச்சம். நீ சோர்ந்து உட்கார்ந்தால் நான் யாரிடம் போய் அழுவேன்?

நீ நன்றாக இருக்க வேண்டும், என் கண்ணே.

என்றும் உன்,
அண்ணி